பல்லில் வைக்கும் கறுப்பு மருந்து

ஓட்டுப் போடும்போது இடது ஆட்காட்டி விரலில் ஒரு கோடு இழுத்து விடுவார்களே, அந்த மையைக் கவனித்திருப்பீர்கள். வைக்கும்போது ஊதாவாகத்தான் இருக்கும். வெளியே வந்து வெயில் பட்டதும் கறுக்க ஆரம்பிக்கும். சோப்புக்கும் அசையாது, எலுமிச்சைக்கும் அசையாது. தோலில் பட்டது கொஞ்ச நாளில் தோலோடு உரிந்துவிடும். நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை இருக்கும். அந்த மையில் வேலை செய்வது சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு.

அதே வெள்ளியின் வேறோர் உப்பைத்தான் குழந்தைகளின் சொத்தைப் பல்லில் வைக்கிறோம். சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்பது முழுப்பெயர். பல் மருத்துவர்கள் சுருக்கமாக எஸ்டிஎஃப் என்போம். ஊசி கிடையாது, பல்லைக் குடையும் மெஷின் கிடையாது. ஒரு சொட்டை எடுத்து, அரிசி மணியைவிடச் சின்ன நுனியுள்ள தூரிகையால் சொத்தையில் தடவினால் வேலை முடிந்தது. பெரும்பாலான சொத்தை அதற்கு மேல் பரவாமல் நின்றுவிடும். ஆனால் ஓட்டு மையைப் போலவே இதுவும் சொத்தையைக் கறுப்பாக்கிவிடும்.

என்னிடம் வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எல்லாம் கடைசியில் அந்தக் கறுப்பில்தான் வந்து நிற்கும். "சரி பண்ணச் சொன்னா கறுப்பாக்கி அனுப்பிட்டீங்களே டாக்டர்" என்று ஒரு தாய் மறுநாளே திரும்பி வந்து நின்றிருக்கிறார். வைப்பதற்கு முன்னால் நான் சொல்லியிருந்தேன், ஆனால் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

பூச்சிப் பல்லில் பூச்சி இல்லை

நம் ஊரில் பூச்சிப் பல் என்பார்கள். ஜப்பானியரும் சொத்தைப் பல்லை 'முஷிபா' என்கிறார்கள். முஷி என்றால் பூச்சி, பா என்பது பல். இரண்டு நாட்டுப் பாட்டிகளுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. அந்த ஜப்பானியர் பின்னால் வருவார்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி என்று எதுவும் இல்லை. இருப்பது பாக்டீரியா. அதுவும் பல்லை நேராகக் கடித்துத் தின்பதில்லை. நாம் சாப்பிடும் இனிப்பையும் பிஸ்கட்டையும் அது தின்று அமிலத்தைக் கழிக்கிறது. அந்த அமிலம் பல்லிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து எடுக்கிறது. எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. நாள் முழுக்க இந்த வரவு செலவு ஓடிக்கொண்டே இருக்கும். வரவைவிடச் செலவு மிஞ்சிக்கொண்டே போனால் அதுதான் சொத்தை.

பல்லின் மேல் ஓடு எனாமல். நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறு இல்லை. அதற்கு உள்ளே டென்டின். இதில் தாது குறைவு. கொலாஜன் என்ற புரத நார் வலைபோல் பின்னிக் கிடக்கும். அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் பல்கூழ். எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கிவிட்டால் சொத்தைக்கு வேகம் வந்துவிடும். பால்பல்லில் எனாமலும் மெல்லிசு, டென்டினும் மெல்லிசு. போன மாதம் புள்ளியாக இருந்தது இந்த மாதம் பள்ளமாகிவிட்டது என்று சொல்கிறார்களே, அது மிகை இல்லை.

இந்த மருந்தைப் புரிந்துகொள்ள ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல்லில் தெரியும் ஓட்டையும் சொத்தையும் ஒன்று இல்லை. சொத்தை என்பது நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியம், ஓட்டை அது விட்டுப்போன தடம். நடந்துகொண்டிருப்பதை நிறுத்தலாம். வயதானவர்கள் சிலரின் கடைவாய்ப் பல்லில் கரும்பழுப்பாக ஒரு பள்ளம் பல வருஷமாக அப்படியே இருக்கும். வலி இல்லை, கூச்சம் இல்லை. எங்கள் ஊசிமுனைக் கருவியால் தட்டினால் 'டக்' என்று கல்லில் பட்ட மாதிரி சத்தம் வரும். அது தானாகவே நின்றுபோன சொத்தை.

ஓடிக்கொண்டிருக்கும் சொத்தை வேறு மாதிரி இருக்கும். இளமஞ்சளாகவோ வெளிர்பழுப்பாகவோ, ஈரப்பதமாக. கருவியை வைத்தால் நனைந்த அட்டையில் இறங்குவதுபோல் இறங்கும். பார்ப்பதற்கு வெளிறியிருக்கும் இதுதான் ஆபத்தானது, கறுத்து இறுகியது சாதுவானது. கண்ணுக்குத் தோன்றுவதற்கு நேர் எதிர். எஸ்டிஎஃப் செய்வதெல்லாம், மெத்தென்று ஓடிக்கொண்டிருப்பதை இறுகி நின்றதாக மாற்றுவதுதான்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

பெயரைப் பிரித்தாலே விடை கிடைத்துவிடும். சில்வர் என்பது வெள்ளி. டையமைன் என்றால் அந்த வெள்ளியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அமோனியா. ஃப்ளோரைடு, பேஸ்ட்டில் இருக்கும் அதே பொருள். உலகெங்கும் அதிகம் பயன்படுவது 38 சதவீதக் கரைசல். அதில் எடைக்கு எடை ஏறக்குறைய 25 சதவீதம் வெள்ளி, 8 சதவீதம் அமோனியா, 5 சதவீதம் ஃப்ளோரைடு, மீதி தண்ணீர். தண்ணீர் போலவே இருக்கும். சில தயாரிப்புகளில் நீலச் சாயம் சேர்ப்பார்கள், எங்கே தடவினோம் என்று தெரிவதற்காக. மூடியைத் திறந்தால் தலைச்சாயம் கலக்கும்போது வருமே, அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறும். அது அமோனியா.

வெள்ளியின் வேலை பாக்டீரியாவைக் கொல்வது. அதன் செல்சுவரைக் குலைக்கிறது, உள்ளே இருக்கும் நொதிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 2015இல் வந்த ஓர் ஆய்வு, வெள்ளியால் செத்த பாக்டீரியாவை உயிரோடிருக்கும் பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அவையும் சாகின்றன என்று காட்டியது. செத்ததன் உடலில் தங்கிய வெள்ளி மெல்லக் கசிந்து அடுத்ததைத் தாக்குகிறது. ஒரு தடவை தடவிய மருந்து ஏன் பல மாதம் நின்று பலன் தருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஃப்ளோரைடு, கரைந்துபோன தாதுவைத் திரும்பப் படிய வைக்கிறது. அப்படிப் படியும் தாது பழையதைவிட அமிலத்தை அதிகம் தாங்கும். இதன் அளவு கொஞ்சநஞ்சமில்லை. நாம் பல் துலக்கும் பேஸ்ட்டில் பத்து லட்சத்தில் 1000 முதல் 1450 பங்கு வரை ஃப்ளோரைடு இருக்கும். இந்தக் கரைசலில் 44,800 பங்கு. அதோடு, டென்டினில் இருக்கும் புரத வலையை அரிக்கும் நொதிகளையும் இந்த மருந்து தடுக்கிறது. அமோனியாவுக்கு மருத்துவ வேலை எதுவும் இல்லை; வெள்ளி அடியில் படிந்துவிடாமல் கரைசலிலேயே நிறுத்தி வைப்பது அதன் பொறுப்பு.

44,800 என்றதும் ஒரு பயம் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: "எங்க ஊர்த் தண்ணியிலயே ஃப்ளோரைடு ஜாஸ்தி, அதுக்கு மேல இதையும் வைக்கலாமா?" நியாயமான கேள்வி. அங்கே பல் காவியேறியதற்குக் காரணம், பல் உருவாகும் வயதில் வருஷக்கணக்காக ஒவ்வொரு நாளும் குடித்த தண்ணீர். இங்கே நாம் வைப்பது ஒரு சொட்டு, அதுவும் வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை. ஒரு சொட்டில் இருக்கும் மொத்த ஃப்ளோரைடே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதனால் அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் இதை வைக்கிறோம்.

ஒசாகாவிலிருந்து வந்த மருந்து

பல்லில் வெள்ளி வைப்பது புதிதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெர்சி ஹோவ் என்ற பல் மருத்துவர் 1917இல் அமோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலை முன்வைத்தார். பல பத்தாண்டுகள் அது 'ஹோவ் கரைசல்' என்ற பெயரில் புழக்கத்தில் இருந்தது. பிறகு மேம்பட்ட மரப்பு ஊசியும் வேகமாகச் சுழலும் குடையும் மெஷினும் வந்தன. சொத்தையை முழுக்கக் குடைந்து எடுத்து அடைப்பதே முறை என்றானது, வெள்ளியை மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர்கள் ஜப்பானியர். அங்கே பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ளும் பழக்கம் ஒன்று பல நூற்றாண்டுகள் இருந்தது. ஒஹகுரோ என்று பெயர். இரும்பைப் புளிக்காடியில் ஊறவைத்து, அதோடு துவர்ப்பான ஒரு காய்ப்பொடியைச் சேர்த்துப் பூசுவார்கள். மணமான பெண்ணுக்குக் கறுத்த பல் அழகு என்பது அந்தக் கால எண்ணம். பல் கறுத்தால் பெண்ணுக்கு வரன் அமையுமா என்று கவலைப்படும் நம் ஊர்ப் பாட்டிகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அப்படிப் பூசிய பற்களில் சொத்தை குறைவு என்பதை ஜப்பானியப் பல் மருத்துவர்கள் கவனித்து வைத்திருந்தார்கள்.

1960களில் ஜப்பானில் இனிப்பு பெருகியது, குழந்தைகளின் சொத்தையும் பெருகியது. எல்லாப் பல்லையும் குடைந்து அடைக்க மருத்துவர்கள் போதவில்லை. ஒசாகா பல்கலைக்கழகத்தில் ரெய்ச்சி யமாகாவும் அவருடைய ஆய்வு மாணவி மிசுஹோ நிஷினோவும் வெள்ளியின் கொல்லும் குணத்தையும் ஃப்ளோரைடின் இறுக்கும் குணத்தையும் ஒரே மருந்துக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். நிஷினோவின் முனைவர் பட்ட ஆய்வு 1969இல் முடிந்தது. 1970இல் ஜப்பான் அரசு மருந்தை ஏற்றுக்கொண்டது. 'சாஃபோரைடு' என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஜப்பான், ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, பிரேசில் என்று சில இடங்களில் மட்டும் ஓடியது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் சீனாவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய பரிசோதனை 2002இல் வெளிவந்த பின்தான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்கா 2014இல் அனுமதித்தது, அதுவும் பல் கூச்சத்துக்கான பொருள் என்ற பெயரில்; மருத்துவர்கள் சொத்தைக்கு வைக்க ஆரம்பித்தார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஃப்ளோரைடு பேஸ்ட்டும் பல்லை அடைக்கும் கண்ணாடி அயனோமர் சிமென்ட்டும் கூடவே சேர்ந்தன. ஐம்பது வருஷம் கழித்து வந்த மரியாதை. இன்னும் முன்பே வந்திருந்தால் எத்தனை குழந்தைகள் பல்வலியில் அழாமல் தூங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்காலியில் நடப்பது

மூன்றரை வயதுப் பெண் குழந்தை. மேல்வரிசை முன்பல் நான்கும் ஈறோரத்தில் அரித்துப்போய் இளமஞ்சளாக இருந்தன. ராத்திரி பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பழக்கம். அப்பத்தாவின் மடியை விட்டு இறங்க மறுத்தது. இந்த வயதில் ஊசி போட்டு, மெஷினை ஓட்டி, நான்கு பல்லை அடைப்பது என்றால் இரண்டே வழி: நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் தியேட்டரில் செய்ய வேண்டும்.

"பாப்பா, பல்லுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டியது. அப்பத்தாவின் மடியிலேயே உட்கார வைத்து, தலையை மட்டும் என் மடியில் சாய்த்துக்கொண்டேன். உதட்டிலும் ஈறிலும் வாசலின் தடவினேன். மருந்து அங்கே பட்டால் கறை ஏறும், ஈறு கொஞ்சம் எரியும் என்பதற்காக. பல்லில் ஒட்டியிருந்த பால் படிவைத் துடைத்தேன். உதட்டுக்கு உள்ளே பஞ்சை வைத்து, காற்றடித்துப் பல்லை உலர்த்தினேன். உலர்த்துவதில் அவசரம் கூடாது. எச்சில் நிற்கும் பல்லில் மருந்து நீர்த்துப்போய் வீணாகும்.

பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரே ஒரு சொட்டு. அது நான்கைந்து பல்லுக்குத் தாராளம். தூரிகை நுனியைத் தொட்டு, கிண்ண ஓரத்தில் வழித்து, சொத்தை மேல் மட்டும் தடவினேன். ஒரு நிமிஷம் அப்படியே விட்டு, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்தது. செப்புக் காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு கசப்பு இருக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை மொத்தம் ஏழெட்டு நிமிஷம். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

என் கையுறை வழியாக ஒரு துளி மேஜை விரிப்பில் விழுந்திருந்தது. அப்போது அங்கே ஈரம் மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் பொட்டு வைத்த மாதிரி கறுப்பாக ஒரு வட்டம். இன்றுவரை துவைத்தும் போகவில்லை. அதனால்தான் குழந்தைக்கு நல்ல சட்டை போட்டு அழைத்துவர வேண்டாம் என்கிறோம். கன்னத்தில் பட்டால் பயப்பட வேண்டியதில்லை, ஓட்டு மை போல ஓரிரு வாரத்தில் தோல் உரிந்து போய்விடும்.

அந்தக் கறுப்பு

வெள்ளி உப்பு வெளிச்சத்தில் கறுக்கும். பழைய புகைப்படச் சுருள் வேலை செய்ததும் இதே குணத்தால்தான். பல்லில் வைத்த சில மணி நேரத்தில் பழுப்பாகி, ஓரிரு நாளில் நல்ல கறுப்பாகிவிடும். ஆனால் பல் முழுவதும் கறுக்காது. வழவழப்பான நல்ல எனாமலில் வெள்ளி தங்க இடமில்லை. தாது கரைந்து, பஞ்சுபோல் துளைவிட்டு, புரத வலை வெளியே தெரியும் சொத்தையில்தான் அது உள்ளே இறங்கிப் படியும். அதனால் எந்த அளவுக்குச் சொத்தை பரவியிருந்ததோ அந்த அளவுக்குத்தான் கறுக்கும். வெளிறிய நிறத்தில் ஒளிந்திருந்ததைக் கறுப்பு எழுதிக் காட்டுகிறது.

இதைப் பெற்றோருக்கு வாயால் சொன்னால் போதாது என்று பட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது வைப்பதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். வீட்டில் அப்பா, பாட்டி எல்லோரிடமும் காட்டிப் பேசிவிட்டு நாளைக்கு வாருங்கள் என்கிறேன். உங்கள் மருத்துவர் படம் காட்டவில்லை என்றால் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கறுப்பே வேண்டாம் என்றால் வழி உண்டா? ஓரளவு உண்டு. எஸ்டிஎஃப் வைத்த கையோடு பொட்டாசியம் அயோடைடு தடவினால் மிச்ச வெள்ளி வெளிர்மஞ்சள் நிற சில்வர் அயோடைடாக மாறிவிடும்; கறுப்பு குறையும். ஆனால் முழுக்கப் போகாது, நாளாக ஆகத் திரும்ப ஏறவும் செய்யும். கர்ப்பிணிகளுக்கும் தைராய்டுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் அயோடைடு கூடாது. இன்னொரு வழி, சொத்தை நின்றபின் மேலே பல்நிறச் சிமென்ட்டை வைத்து மூடுவது. கடைவாய்ப் பல்லுக்கு இது நல்ல ஏற்பாடு, பள்ளத்தில் சோறு அடைப்பதும் நிற்கும். ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

முன்பல் கறுத்தால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று பெற்றோர் தயங்குவதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அது உண்மையான வருத்தம். அப்படித் தயங்குகிறவர்களிடம், மேல் முன்பல் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும், அதன் இடத்தில் வரும் பல் வெள்ளையாகத்தான் வரும் என்று சொல்கிறேன். அதற்கு மேல் முடிவு அவர்களுடையது.

"பால்பல் தானே, விழப்போறதுதானே, விட்டுடுவோம்" என்பவர்களிடம்தான் வாதாட வேண்டியிருக்கிறது. முன்பல் சீக்கிரம் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. நாலு வயதில் சொத்தை விழுந்தால் இன்னும் ஆறேழு வருஷம் அந்தப் பல்லால்தான் குழந்தை மெல்ல வேண்டும். சீழ் வைத்துப் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குள் சாய்ந்து, நிலைப்பல் வர இடமில்லாமல் கோணலாக முளைக்கும்.

யாருக்கு வைக்கக் கூடாது

ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழும் அளவுக்குப் பல் வலித்தால் இந்த மருந்துக்கான கட்டம் தாண்டிவிட்டது. ஈறில் கொப்பளம், கன்ன வீக்கம், சீழ், நரம்பு வெளியே தெரிவது எல்லாம் அதே கணக்குதான். சொத்தை பல்கூழைத் தொட்டபின் மேலே எதைத் தடவியும் பயனில்லை. வேர் சிகிச்சையோ பிடுங்குவதோதான். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டு வைப்பதற்குக் காரணம் இதுதான். வெள்ளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வைக்கக் கூடாது. இது அபூர்வம், ஆனால் வெள்ளிக் கொலுசு போட்டால் தடித்து அரிக்கிற குழந்தை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வாய்ப்புண்ணோ ஈறு புண்ணோ இருந்தால் அது ஆறும் வரை தள்ளிப்போடலாம்.

குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும் முதியவர்களுக்கு அங்கே சொத்தை வேகமாகப் பிடிக்கும். ரத்த அழுத்த மாத்திரை, மனநோய் மாத்திரை போன்றவற்றால் எச்சில் வறண்டவர்களுக்கு இன்னும் மோசம். படுக்கையில் இருக்கும் தாத்தாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து பல் அடைப்பது யாருக்கும் முடியாத காரியம். குப்பியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வரலாம். மன வளர்ச்சி குன்றியவர்கள், புற்றுநோய்க் கதிர்வீச்சில் எச்சில் நின்றவர்கள் விஷயத்திலும் அப்படியே.

இதை வைக்கப் பெரிய சாதனங்கள் வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இதன் மிகப் பெரிய குணமாகப் படுகிறது. மின்சாரம் வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி பால்பல்லில் கவனிக்கப்படாத சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் உலகில் 50 கோடிக்கு மேல். இவ்வளவு பேரையும் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில் பல் சுகாதாரப் பணியாளர் வைத்ததற்கு ஈடாகப் பள்ளி நர்ஸ் வைத்ததும் பலன் தந்தது. நம் ஊரிலும் அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் இதைச் செய்யும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பார்த்துப் பிரிக்க மட்டும் ஒரு பல் மருத்துவர் இருந்தால் போதும்.

ஒரு தடவை போதுமா

போதாது. இதைச் சொல்லாமல் விட்டால் மருந்தின் மேல் இருக்கும் நம்பிக்கையே போய்விடும். ஹாங்காங்கில் 888 மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஒரு பரிசோதனையின் கணக்கைச் சொல்கிறேன். 2018இல் வெளிவந்தது. 38 சதவீத மருந்தை வருஷத்துக்கு ஒரு தடவை வைத்தவர்களுக்கு இரண்டரை வருஷ முடிவில் சொத்தைகளில் 66.9 சதவீதம் நின்றிருந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைத்தவர்களுக்கு 75.7 சதவீதம். 12 சதவீத மருந்து வைத்தவர்களுக்கு எப்படி வைத்தாலும் அறுபதைத் தொடவில்லை. அதனால்தான் 38 சதவீதத்தையே எடுக்கிறோம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறோம்.

நாலில் மூன்று நிற்கிறது என்றால் நாலில் ஒன்று நிற்கவில்லை. எது நிற்கிறது, எது நிற்பதில்லை? முன்பல் நன்றாக நிற்கும்; துலக்க எளிது. உணவு அடைந்து கிடக்கும் கடைவாய்ப் பல்லின் பள்ளமும் இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் சந்தும் முரண்டுபிடிக்கும். துலக்காத பல்லில் மருந்து தோற்கும். பால் புட்டி ராத்திரியில் தொடர்ந்தால் தோற்கும்.

ஆகவே மருந்து வைத்த வீட்டில் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் இருப்பது. புட்டியை ஒரே நாளில் நிறுத்த முடியாது; பாலில் சர்க்கரையைக் குறைத்து, பிறகு தண்ணீரைக் கூட்டி, பத்துப் பதினைந்து நாளில் வெறும் தண்ணீராக்கிவிடலாம். அப்புறம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், குறைந்தது 1000 பங்கு இருக்கிறதா என்று அட்டைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி தூரிகை நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். பிள்ளை தானே துலக்குகிறேன் என்றால் துலக்கட்டும். பிறகு நீங்கள் ஒரு தடவை துலக்கிவிடுங்கள். ஏழு வயது வரைக்கும் அந்தக் கைக்கு வேலை தெரியாது.

பெரிய பள்ளம் விழுந்த பல் அப்படியேதான் இருக்கும், இந்த மருந்து அதை நிரப்பாது. ஆபத்து நின்றபின் குழந்தைக்குக் கொஞ்சம் வயது வந்து, நாற்காலியில் தானாக உட்காரும் பக்குவம் வரும்போது அடைக்கலாம், ஸ்டீல் கேப்பும் போடலாம். அதுவரை நேரம் வாங்கிக் கொடுப்பதே ஒரு சிகிச்சைதான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பாப்பாவைத் திரும்ப அழைத்து வந்தார்கள். இந்தத் தடவை அப்பத்தாவின் கையை விட்டுவிட்டுத் தானாக ஏறி உட்கார்ந்தது. நான்கு பல்லிலும் கறுப்பு. கருவியை மெல்ல வைத்துப் பார்த்தேன். மூன்று பல்லில் 'டக்' என்றது. இடது ஓரப் பல்லில் ஈறை ஒட்டிய இடம் மட்டும் பழுப்பாக, இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. வாசலின் டப்பாவைத் திறந்துகொண்டே, "பாப்பா, ஒரே ஒரு பல்லுக்குத்தான் பெயின்ட் பாக்கி" என்றேன். அப்பத்தா தன் தோள் துண்டை எடுத்து, பேத்தியின் மஞ்சள் சட்டை மேல் கறை படாமல் போர்த்திவிட்டார்.